எட்டுக்கால் பார்சல்

செத்துப்போச்சு என்று யாராவது படம் அனுப்பினால் உடனே நம்பிவிடுகிற ஆள் இல்லை நான். பெரிய சிலந்தி வளர்க்கிறவர்களுக்குத் தெரியும், அது வளர வளரப் பழைய தோலைச் சட்டை மாதிரி முழுசாகக் கழற்றிப் போட்டுவிடும். எட்டுக் காலும், மேலே இருக்கிற முடியும் அப்படியே இருக்கும். அந்தச் சட்டையைப் படம் பிடித்து அனுப்பி, "வரும்போதே செத்திருந்தது, வேறு அனுப்புங்கள்" என்று கேட்ட மகராசன்கள் இரண்டு பேரை எனக்குத் தெரியும். அதனால் என்னிடம் சிலந்தி வாங்கின பல் டாக்டர் படம் அனுப்பியதும், "பக்கவாட்டில் ஒன்று, வயிற்றுப் பக்கம் ஒன்று, டப்பா மூடியோடு சேர்த்து ஒன்று" என்று கேட்டு எழுதினேன். மனிதர் பொறுமையாக மூன்றும் அனுப்பினார். வயிறு கனமாக இருந்தது, கால்கள் எட்டும் உள்ளே மடங்கியிருந்தன. சட்டை இல்லை. நிஜமாகவே செத்திருந்தது.

பதினோரு வருடமாக இதுதான் என் தொழில். வீட்டின் பின்னறையில் சுவர் நிறைய அலமாரி, அலமாரி நிறைய கண்ணாடி டப்பா. பெரிய சிலந்தி, விரல் நீள மரவட்டை, குச்சிப்பூச்சி, நத்தை. வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்குக் கூரியரில் அனுப்புவேன். வளர்ப்பது பெரிய வித்தை இல்லை, உயிரோடு கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் வித்தை. துளை போட்ட சின்ன டப்பா, அடியில் ஈரம் தொட்ட டிஷ்யூ, சுற்றிலும் மேலேயும் காய்ந்த டிஷ்யூ. உள்ளே இருப்பது புரளவும் கூடாது, நசுங்கவும் கூடாது. அந்த டப்பா தெர்மாகோல் பெட்டிக்குள், பெட்டி அட்டைப்பெட்டிக்குள். திங்கள், செவ்வாய், புதன் மட்டும்தான் அனுப்பலாம். வியாழன் அனுப்பினால் சனி ஞாயிறு கிடங்கில் கிடந்து வெந்துபோகும்.

பின்னறைக்கு இன்னொரு சட்டம் உண்டு. கொசுவத்தி, சென்ட், பவுடர், நகப்பூச்சு எதுவும் உள்ளே வரக்கூடாது. நமக்கு வாசனை, அவற்றுக்கு விஷம். எனக்கு மூக்கு இருப்பது மூக்குக் கண்ணாடி மாட்டத்தான். சைனஸ் ஆபரேஷனுக்கு அப்புறம் மல்லிகையும் ஒன்று, மண்ணெண்ணெயும் ஒன்று. அதனால் உள்ளே வருகிறவரை வாசலிலேயே நிறுத்தி வாய்விட்டுக் கேட்பேன். பவுடர் போட்டியா, தலைக்கு என்ன தடவினே, கையில அது என்ன பளபளப்பு. தினமும் இந்த விசாரணைக்கு நின்று பதில் சொன்னவள் என் நாத்தனார்.

வீட்டில் அவளைச் சின்னி என்றுதான் கூப்பிடுவோம். இவருக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு, ஒரே தங்கை. கல்யாணம் சரிப்பட்டு வராமல் திரும்பி வந்தவள், அதற்குப் பிறகு போன இரண்டு வேலையும் சரிப்பட்டு வரவில்லை. முதல் நாள் சிலந்தியைப் பார்த்து நாற்காலி மேல் ஏறி நின்றாள். ஆறே மாதத்தில் பெயின்ட் பிரஷ் முனையால் மெல்லத் தட்டி, அதைத் தானாக டப்பாவுக்குள் நடக்க வைக்கிற அளவுக்குத் தேறிவிட்டாள். பார்சல் கட்டும் வேலை மொத்தத்தையும் அவளிடம் கொடுத்தேன். நான்தான் கற்றுக்கொடுத்தேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

இனி சந்தேகக் கதைக்கு வருகிறேன். டிஷ்யூ சுருள்கள் வேகமாகத் தீர்ந்துகொண்டிருந்தன. கேட்டதற்கு, "குச்சிப்பூச்சிக்கு நிறைய வேணும் அண்ணி, அதுக்குக் காலு நீளம்ல" என்றாள். கால் நீளமாம். இவள் முகம் துடைத்துக் கிழித்துப் போடுகிறாள், இல்லாவிட்டால் எங்கேயோ கொடுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். வாயைத் திறக்காமல் சுருள்களை எல்லாம் தூக்கிவந்து என் பீரோவில் வைத்துப் பூட்டினேன். குளிர் முடிந்து கோட்டு, கம்பளி எல்லாம் உள்ளே போயிருந்ததால் இடம் நெருக்கடி. திணித்துத்தான் வைத்தேன். பார்சல் கட்டுகிற நாளில் தேவையான தாளை நானே கிழித்து அவள் கையில் கொடுப்பேன்.

நாலாம் நாள் அவள் தாளை மூக்கருகே கொண்டுபோய், "ஒரு மாதிரி வாசனை வருது அண்ணி" என்றாள்.

"என்ன வாசனை?"

"உங்க பீரோ வாசனை."

என் சாமான் நாறுகிறது என்று நாசூக்காகச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். பூட்டிவைத்ததில் வந்த கடுப்பு. "வாசனை பிடிக்கலைன்னா மூக்கைப் பொத்திக்கிட்டுக் கட்டு" என்றேன். அவள் பொத்தாமலே கட்டினாள். அதற்கப்புறமும் இரண்டு தடவை அதையே சொன்னாள்.

தாளைப் பூட்டிவைத்த பிறகு பத்து நாளில் போனதே மூன்று பார்சல். பல் டாக்டருக்குச் சிலந்தி, ஒரு லிஃப்ட் மெக்கானிக்குக்கு மரவட்டை, பள்ளிக்கூட அறிவியல் டீச்சருக்குக் குச்சிப்பூச்சி ஆறு. மூன்றும் செத்துப் போய்ச் சேர்ந்தன. டீச்சர் படம் அனுப்பவில்லை, போனில் அழுதார். வகுப்பில் முப்பது பிள்ளைகள் முன்னால் பெட்டியைத் திறந்திருக்கிறார். இருந்தாலும், "டப்பா, தாள், பூச்சி எல்லாத்தையும் அப்படியே பெட்டியோட திருப்பி அனுப்புங்க, நான் பாக்கணும்" என்றுதான் சொன்னேன். என் சட்டம் அது.

முதலில் கூரியர்காரர்கள் மேல்தான் சந்தேகம். அலுவலகத்துக்கு ஒரு காலிப் பெட்டியைக் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். மற்றப் பெட்டிகளை எல்லாம் பந்து மாதிரி எறிந்த கவுன்டர்காரர், என் பெட்டியை மட்டும் இரண்டு விரலால் தூக்கித் தனி மேசையில் வைத்தார். ஏன் என்று கேட்டேன். "கீழ போட்டு உடைஞ்சா உள்ள இருக்கிறது யார் மேல ஏறும்? என் மேலதானே" என்றார். அவர் பயம் உண்மையான பயம், அவரை விட்டுவிட்டேன்.

வானிலையும் நன்றாகத்தான் இருந்தது, சூடும் இல்லை குளிரும் இல்லை. மிச்சம் யார்? கட்டினவள்தான்.

ஆனால் அவள் ஏன் செய்ய வேண்டும் என்று எனக்குப் பிடிபடவில்லை. அதற்கும் விடை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை மாடிப்படியில் நின்று அவள் போனில் பேசிக்கொண்டிருந்தாள். "வரேன் சார். அண்ணிகிட்ட நானே சொல்லிக்கிறேன். இந்த வாரம் மட்டும் டைம் குடுங்க." நான் துணி உலர்த்துகிற சாக்கில் கொடியடியில் நின்றேன். அவள் என்னைப் பார்த்துவிட்டு மறைக்காமல் சொன்னாள். ஊருக்கு வெளியே இருக்கிற உயிரியல் பூங்காவில் புதிதாகப் பூச்சிக்கூடம் திறக்கிறார்கள், மற்ற பூங்காக்களுக்குப் பூச்சிகளை உயிரோடு அனுப்ப ஆள் வேண்டும், மேற்பார்வையாளர் இவளைக் கேட்டிருக்கிறார். நிரந்தர வேலை.

"எத்தனை நாளா பேசுறே?"

"மூணு வாரமா."

"என்கிட்ட சொல்லத் தோணலையா?"

"கிடைச்சா சொல்லலாம்னு இருந்தேன் அண்ணி. இதுவரைக்கும் எதுவும் எனக்குக் கிடைச்சதில்ல. இது கிடைக்கணும்னு ரொம்ப ஆசையா இருக்கு."

இதை அவள் நேராக என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். இன்று நினைத்தால் அது கெஞ்சல். அன்று எனக்கு அது வாக்குமூலமாகக் கேட்டது. பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன். என் பெயரைக் கெடுத்துவிட்டு, என் வாடிக்கைக்காரர்களைக் கையோடு கூட்டிக்கொண்டு போகப்போகிறாள் என்று ஒரே நொடியில் முழுக் கணக்கும் போட்டுவிட்டேன்.

அன்று சாப்பாட்டு மேசையில் இவரிடம் சொன்னேன். இவர் பஸ் ஓட்டுகிறவர், எதையும் சட்டென்று திருப்ப மாட்டார். "அவ அப்படிப்பட்டவ இல்ல" என்றார்.

"எல்லாரும் அப்படிப்பட்டவங்களா ஆகுறதுக்கு முன்னாடி அப்படிப்பட்டவங்க இல்லதான்."

"நீ சந்தேகப்படாத ஆளு யாராவது இருக்காங்களா?"

"நீங்க இருக்கீங்க. அதுவும் எட்டு மணிக்கு வர வேண்டிய பஸ் எட்டு மணிக்கு வந்தா."

திங்கட்கிழமை பல் டாக்டருக்கு மாற்றுச் சிலந்தியை நானே கட்டினேன். சின்னியை அறைக்கு வெளியே நிறுத்திவிட்டு, என் கையால், என் பீரோவில் இருந்து நானே எடுத்த தாளில். இது உயிரோடு போய்ச் சேர்ந்தால் அவள் குட்டு உடைந்தது. பெட்டிக்கு இரண்டு சுற்று டேப் போட்டு, ஓரத்தில் பேனாவால் ரகசியமாக ஒரு கோடு இழுத்தேன். நானே கூரியரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதே திங்கட்கிழமை லிஃப்ட் மெக்கானிக்குக்கு மாற்று மரவட்டையை சின்னி கட்டி அனுப்பினாள். அவளுக்கு நான் தாள் கிழித்துக் கொடுக்கவில்லை. மறந்துவிட்டேன். அவளும் கேட்கவில்லை.

புதன்கிழமை காலையில் இரண்டு செய்தி வந்தது. மெக்கானிக்கின் மரவட்டை சுறுசுறுப்பாக ஓடுகிறது, படத்தில் நிற்கக்கூட மாட்டேன் என்கிறது. பல் டாக்டரின் சிலந்தி செத்துப்போச்சு.

இதைப் பார்த்துவிட்டு எந்த மனுஷியும் தன் கையைத்தான் பார்த்திருப்பாள். நான் அவள் கையைப் பார்த்தேன்.

"உன்னோடது மட்டும் எப்படி உயிரோட போச்சு?"

"நான் உங்க பேப்பர் போடல அண்ணி. சமையல்கட்டுல இருந்த சுருள்ல எடுத்தேன்."

"ஏன்?"

"அந்த வாசனை எனக்குச் சரியா படல. மூணு தடவை சொன்னேன். உங்க பீரோவைத் திறந்து நல்லாப் பாருங்க அண்ணி, உள்ள என்னவோ இருக்கு."

பீரோவைத் திறக்கச் சொல்கிறாள். சாவிக்கு அடி போடுகிறாள். எனக்குத் தலை சூடேறியது. "ராத்திரி என் பெட்டியை நீ என்ன பண்ணினே? என் சிலந்தியைக் கொன்னுட்டே. மூணையும் கொன்னே, இப்ப நாலாவதையும் கொன்னுட்டே. வேலியே பயிரை மேயுற கதையாப் போச்சு."

பெட்டியை நான் கட்டின கையோடு கூரியரில் கொடுத்துவிட்டேன் என்பதும், ராத்திரி அது வீட்டிலேயே இல்லை என்பதும் அந்த நேரத்தில் என் ஞாபகத்துக்கு வரவில்லை. சின்னிக்கு ஞாபகம் இருந்திருக்கும். அவள் சொல்லவில்லை. கையுறையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு அவள் அறைக்குப் போய்விட்டாள்.

கோபத்தில் செய்கிற காரியங்களில் எழுதுகிற காரியம்தான் மோசம், பேச்சு என்றால் காற்றில் போய்விடும். எங்களைப் போல வளர்க்கிறவர்கள், வாங்குகிறவர்கள் நானூறு பேர் இருக்கிற ஒரு குரூப் போனில் உண்டு. பூச்சிக்கூட மேற்பார்வையாளரும் அதில் இருக்கிறார். அவர் இருக்கிறார் என்று தெரிந்துதான் எழுதினேன், அதை மறைக்கப்போவதில்லை. "அண்மையில் நேர்ந்த இறப்புகளுக்கு எங்கள் பேக்கிங் பணியாளரே காரணம். அவரை நீக்கிவிட்டேன்." அன்று மதியமே மேற்பார்வையாளர் சின்னியைக் கூப்பிட்டு, இப்போதைக்கு வேண்டாம், பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். இதை அவள் இவரிடம் சொன்னாள், இவர் என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் டிப்போவுக்குப் போனார்.

வியாழக்கிழமை டீச்சரின் பெட்டி திரும்பி வந்தது. சாப்பாட்டு மேசையில் செய்தித்தாள் விரித்து, பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தேன். குச்சிப்பூச்சிகளின் உடம்பில் ஊசி குத்தின தடம் இருக்கிறதா என்று தேடினேன். ஆமாம், ஊசி. சந்தேகம் என்னை அவ்வளவு தூரம் கொண்டுபோய் விட்டிருந்தது. அப்போது இவர் ஷிப்ட் முடிந்து உள்ளே வந்தார். செருப்பைக் கழற்றும்போதே மூக்கைச் சுளித்தார்.

"என்ன, கோட்டு கம்பளியெல்லாம் மறுபடி வெளிய எடுத்துட்டியா?"

"இல்லையே. ஏன்?"

"அந்துருண்டை நாத்தம் வருதே."

"எங்கேருந்து?"

இவர் மேசை வரைக்கும் வந்து குனிந்தார். பெட்டிக்குள் கையை விட்டு, கசங்கின டிஷ்யூவை எடுத்து முகர்ந்தார். "இதுலதான்" என்றார்.

நான் பீரோவைத் திறந்தேன். கோட்டுகளுக்கு நடுவே, பூச்சி அரிக்கக்கூடாது என்று குளிர்கால முடிவில் நானே போட்டது, ஒரு பாக்கெட் முழுக்க அந்துருண்டை. பூச்சியைக் கொல்வதற்கென்றே செய்த சாமான். அதன் மேலேயே டிஷ்யூ சுருள்களைத் திணித்து, கதவை இறுக்கிப் பூட்டி, வாசனை ஒரு பொட்டும் வெளியே போகாமல் ஊற வைத்திருக்கிறேன். அந்தத் தாளில்தான் உயிர்களைச் சுற்றி மூடி, இரண்டு நாள் பயணம் அனுப்பியிருக்கிறேன். நகப்பூச்சுக்கு வாசலில் விசாரணை வைத்தவள் நான்.

கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். சிலந்திகளை நினைத்து அழுதேனா, சின்னியை நினைத்து அழுதேனா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. வெட்கம்தான் அதிகம். ஒரு பக்கம், அந்துருண்டை பாக்கெட்டைக் குப்பையில் போட்டுவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடலாமா என்றும் ஓர் எண்ணம் வந்தது. இவர் கதவருகே நின்றுகொண்டிருந்தார். அதனால் அந்த எண்ணம் அதிக நேரம் தங்கவில்லை.

சின்னி அவள் அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்றேன்.

"சின்னி, ஒரு தப்பு நடந்துபோச்சு."

"என்ன தப்பு?"

"பீரோவுல அந்துருண்டை இருந்திருக்கு. பேப்பர்ல ஏறியிருக்கு. அதுலதான் எல்லாம் செத்துப்போச்சு."

அவள் கையில் இருந்த துண்டை முழுசாக மடித்து வைத்துவிட்டுத்தான் பேசினாள். "நான் கட்டினப்ப 'கொன்னுட்டே'ன்னு சொன்னீங்க. இப்ப 'செத்துப்போச்சு'ங்கிறீங்க."

சொல்லிவிட்டு அடுத்த துணியை எடுத்தாள்.

"குரூப்புல நீங்க எழுதினது இன்னும் அப்படியேதான் இருக்கு அண்ணி. அதை முதல்ல பாருங்க."

அங்கேயே, அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து போனில் எழுதினேன். "பேக்கிங் தாளில் அந்துருண்டை வாசனை கலந்துவிட்டதால் நான்கு பார்சல்களில் உயிரிழப்பு ஏற்பட்டது. இதற்காக வருந்துகிறோம்." நன்றாக, மரியாதையாக வந்திருப்பதாக நினைத்து அவளிடம் நீட்டினேன்.

படித்தாள். "யாரு கலந்தது? அதுவா நடந்து வந்து கலந்துக்கிச்சா?"

"அதுக்கில்ல..."

"வருந்துகிறோம்னா யார் யாரு? நானும் சேர்ந்து வருந்தணுமா?"

அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். இந்த மொழியில் ஆளே இல்லாமல் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதிக்கொண்டு போகலாம், யாரும் கேட்க மாட்டார்கள். நேர்ந்தது, ஏற்பட்டது, கலந்தது, ஆகிவிட்டது. ஆளைப் போட்டு எழுத உட்கார்ந்தால்தான் விரல் நகர மறுக்கிறது. மூன்றாவது முறை இப்படி எழுதினேன்: "டிஷ்யூ தாளை என் பீரோவில் அந்துருண்டையோடு பூட்டிவைத்தது நான். என் நாத்தனார் மேல் சந்தேகப்பட்டுப் பூட்டினேன். வாசனை வருகிறது என்று அவள் மூன்று தடவை சொன்னாள், நான் கேட்கவில்லை. நான்கு பார்சலில் இருந்ததையும் கொன்றது நான். அவள் கட்டியதில் ஒரு குறையும் கிடையாது. அவளைப் பற்றி நான் எழுதியது பொய்."

அவளிடம் காட்டாமலே அனுப்பினேன். காட்டினால் தைரியம் போய்விடும் என்று பயம்.

கொஞ்ச நேரத்தில் மூன்று பேர் ஆர்டரை ரத்து செய்தார்கள். டீச்சர் ஒன்றுமே எழுதவில்லை, அதுதான் அதிகம் வலித்தது. யாரோ ஒரு புண்ணியவான் சிரிக்கிற முகம் போட்டிருந்தார். இவர் சமையலறையில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தார், பசி வந்துவிட்டது போல.

ஏழு மணி வாக்கில் சின்னியின் போன் அடித்தது. "சரி சார், சரி சார்" என்று நாலு தடவை சொல்லிவிட்டு வைத்தாள். முகத்தில் சிரிப்பு வரப் பார்த்தது, என்னைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள்.

"திங்கக்கிழமை சேரச் சொல்றாங்க."

சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்த நொடியிலும் எனக்குள்ளே ஒன்று தலையை நீட்டி, பார்த்தாயா, இதற்காகத்தான் உன்னை எழுத வைத்தாள் என்றது. என் புத்தி அப்படி. அடுத்த நொடி, எழுதினது எல்லாம் உண்மைதானே, அதை அவள் கேட்டால் என்ன தப்பு என்றும் தோன்றியது. நல்ல ஆள் கையைவிட்டுப் போகிறாள், போக வைத்தது நான். அதில் மட்டும் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

"போயிட்டு வா" என்றேன். "நல்லா இரு."

"இன்னும் மூணு நாள் இருக்கு அண்ணி. நாளைக்குக் காலைல பின்னறைக்கு வாங்க. பார்சல் கட்டுறது எப்படின்னு உங்களுக்குக் காட்டிட்டுப் போறேன்."

"எனக்கா? பதினோரு வருஷமா கட்டுறவ நான்."

"பல் டாக்டர் அனுப்பின படத்தைப் பாத்தேன். நீங்க கட்டினதை. ரொம்ப இறுக்கம். பேப்பர் நல்ல பேப்பரா இருந்திருந்தாலும், ரெண்டு கால் உடைஞ்சுதான் போய்ச் சேர்ந்திருக்கும்."

எனக்குக் கோபம் வந்தது. அந்தப் படத்தை எடுத்துப் பார்த்தேன். இரண்டு கால் உடைந்துதான் இருந்தது. எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்டேன்.